இமைமேல் மூன்று வருடம்

வேன் அக்காவுக்குத் தன் கண்ணைப் பற்றி ரொம்பப் பெருமை. எதிரே வரும் பஸ்ஸின் பலகையை மற்றவர்கள் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதற்குள் அவர் படித்துச் சொல்லிவிடுவார். பதினோரு வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறார். வருடா வருடம் ஓட்டுநர்களுக்குப் பள்ளியிலேயே எழுத்துப் பலகை மாட்டிக் கண் பரிசோதனை நடக்கும். கடைசி வரியைப் படித்துவிட்டு, "இதுக்குக் கீழ ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டுத்தான் வருவார். வயது நாற்பத்து மூன்று. கண்ணாடி போட்டதில்லை.

அந்த வருடம் பள்ளியில் புது நிர்வாகி வந்திருந்தார். பலகையெல்லாம் போதாது, எல்லா ஓட்டுநர்களும் கண் மருத்துவமனைக்கே போய் முழுப் பரிசோதனை செய்துகொண்டு வரவேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆளுக்கு ஒரு நாள். அக்காவின் முறை ஒரு புதன்கிழமை வந்தது. காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, அதே வேனை ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். மதியம் இரண்டரைக்குத் திரும்பப் பள்ளி வாசலில் இருந்தால் போதும்.

எழுத்துப் பலகையில் வழக்கம்போல் முழு மதிப்பெண். அதன்பிறகு ஒரு இருட்டறைக்குக் கூட்டிப்போனார்கள். பெரிய வெள்ளைக் கிண்ணத்தைப் படுக்க வைத்தது போல ஒரு கருவி. தாடையை ஒரு திண்டில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நடுவில் இருக்கும் மஞ்சள் புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றி எங்காவது சின்னதாக வெளிச்சம் மின்னினால் கையில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கிறதே என்று அக்காவுக்கு உற்சாகம். டக் டக்கென்று அமுக்கினார். நடுவில் கொஞ்ச நேரம் வெளிச்சமே வரவில்லை. காத்திருந்தார். அப்புறமும் வரவில்லை.

"மிஷின் நின்னுபோச்சாம்மா?" என்று கேட்டார்.

கருவிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் திரையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு, "ஓடிட்டுத்தான் இருக்கு அக்கா. நீங்க பாருங்க" என்றாள்.

இரண்டு கண்ணும் முடிந்ததும் இன்னொரு தடவை செய்யலாம் என்றாள். இரண்டாவது தடவை அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அப்போதும் அந்த நீண்ட இடைவெளிகள் வந்தன. மஞ்சள் புள்ளி மட்டும் எதிரே நின்றது. பின்னால் அந்தப் பெண்ணின் நாற்காலி லேசாகக் கிரீச்சிடுவது கேட்டது.

கண் டாக்டர் மேசைமேல் ஒரு தாளை விரித்து வைத்தார். இரண்டு வட்டங்கள், இரண்டிலும் கீழ்ப்பாதியில் கறுப்புத் திட்டு. இடப்பக்கம் இன்னும் அடர்த்தி. பிரின்டரில் மை கொட்டிவிட்டதாகத்தான் அக்கா முதலில் நினைத்தார். அதைச் சொல்லவும் செய்தார்.

"மை இல்லைம்மா," என்றார் டாக்டர். "கறுப்பா இருக்குறதெல்லாம் உங்களுக்குத் தெரியாத இடம்."

அக்காவுக்கு அது காதில் ஏறவே இல்லை. தெரியாத இடம் என்றால் தெரியாமல் இருக்கவேண்டுமே, எனக்குத்தான் எல்லாம் தெரிகிறதே என்றார். டாக்டர் பொறுமையாக விளக்கினார். கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் இருபத்தொன்றைத் தாண்டாமல் இருக்கவேண்டும். அக்காவுக்கு ஒரு கண்ணில் முப்பத்து நான்கு, இன்னொன்றில் முப்பத்தொன்று. அந்த அழுத்தம் கண் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்திருக்கிறது. வலிக்காது, சிவக்காது, மங்காது. நேரே பார்க்கிற பார்வை கடைசிவரை நன்றாக இருக்கும், அதனால் எழுத்துப் பலகையில் மாட்டாது. பார்வை போன இடத்தில் கறுப்பாகவும் எதுவும் தெரியாது. பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதை வைத்து மூளையே நிரப்பிவிடும். பக்கத்தில் ரோடு இருந்தால், அங்கேயும் ரோடு இருப்பதாகவே தோன்றும்.

வீட்டில் யாருக்காவது இப்படி உண்டா, கண்ணில் அடிபட்டதா, ஆஸ்துமாவுக்கு மருந்து உண்டா, ஸ்டீராய்டு மாத்திரை, சொட்டு மருந்து என்று ஒவ்வொன்றாகக் கேட்டார் டாக்டர். எல்லாவற்றுக்கும் இல்லை. கேட்டுக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தி, விளக்கை அக்காவின் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். இமைகள் மினுமினுவென்று இருந்தன. தோலுக்கடியில் நூல் நூலாகச் சிவப்பு ஓடியது.

"இமையில என்ன தடவுறீங்க?"

அக்கா கைப்பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து ஒரு டியூபை எடுத்துக் கொடுத்தார். அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டிப் பாதியாகியிருந்தது.

அந்த டியூபின் கதை மூன்றரை வருடத்துக்கு முந்தியது. வேனைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவியும், பிள்ளைகள் வாந்தி எடுத்த இருக்கையைக் கிருமிநாசினி போட்டுத் துடைத்தும் அக்காவின் கைகள் வெடித்துப் போயின. விரலிடுக்கில் நீர் கோத்து அரிக்கும். ஸ்டீயரிங்கைப் பிடித்தால் தீப்பிடித்த மாதிரி எரியும். தோல் டாக்டரிடம் போனார். எக்ஸிமா என்று சொல்லி அந்த அம்மா ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். நான்கே நாளில் கை புதுக் கை. அக்கா அதைப் பார்க்கிற ஆளிடமெல்லாம் விரித்துக் காட்டினார். மறுபடி வந்து காட்டச் சொல்லியிருந்தார் டாக்டர். சரியாகிப்போனதற்கு எதற்கு இன்னொரு நடை என்று போகவில்லை.

சில மாதம் கழித்து இமை அரிக்க ஆரம்பித்தது. சிவந்து, வீங்கி, செதில் செதிலாக உதிர்ந்தது. தெருமுனைக் குழாயடியில் முகம் கழுவினால்கூட எரிந்தது. கைக்குக் கேட்டது கண்ணுக்குக் கேட்காதா என்று அதே களிம்பைத் தொட்டு வைத்தார். காலையில் இமை பட்டு மாதிரி ஆகிவிட்டது. நிறுத்தினால் நான்காம் நாள் திரும்ப வந்தது, முன்பைவிட அதிகமாக. தடவினால் போய்விட்டது. அப்படியே பல் துலக்குவது மாதிரி அதுவும் ஒரு தினசரி வேலை ஆனது. மருந்துக்கடைக்காரர் சீட்டெல்லாம் கேட்பதை விட்டுப் பல நாளாகியிருந்தது. வேன் வாசலில் நிற்பதைப் பார்த்ததுமே டியூபை எடுத்துக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்துவிடுவார். டியூப் அட்டைக்குள் மடித்து வைத்திருக்கும் விவரக் காகிதத்தை அக்கா பக்கக் கண்ணாடி துடைக்க வைத்துக்கொள்வார். அதில் எழுத்து பொடிப்பொடியாக இருந்தது.

"எவ்ளோ நாளா?" என்றார் கண் டாக்டர்.

"மூணு வருஷம்."

"தினமுமா?"

அக்கா பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தார். "தினமும்தான்."

டாக்டர் டியூபை மேசைமேல் வைத்தார். திரும்பத் தரவில்லை. இது பலமான ஸ்டீராய்டு, கண்ணுக்குப் பக்கத்தில் வரவே கூடாது, இமை வழியாகக் கண்ணுக்குள் இறங்கித்தான் அழுத்தத்தை ஏற்றியிருக்க வேண்டும் என்றார். சொட்டு மருந்து இன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும், இமையைத் தோல் டாக்டரிடம் நாளைக்கே காட்ட வேண்டும்.

"போன பார்வை திரும்பி வந்துடுமா சார்?"

"போனது போனதுதாம்மா. இருக்குறதைக் காப்பாத்தலாம். இன்னொண்ணு, நீங்க இனிமே வேன் ஓட்டக் கூடாது."

"எப்போலேர்ந்து?"

"இப்போலேர்ந்து."

வேன் வெளியே நிற்கிறதே, எப்படி எடுத்துப்போவது என்று அக்கா கேட்டார். அதுதான் அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றியது. டாக்டர் அதற்கும் அதே பதிலைச் சொன்னார்.

வெளியே வந்து பழக்க தோஷத்தில் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மணி ஒன்றே கால். கணவருக்குப் போன் போட்டார். கணவர் லிஃப்ட் மெக்கானிக், ஏதோ ஒரு கட்டிடத்தில் லிஃப்ட் கூரைமேல் நின்றுகொண்டிருந்தார். அக்கா சொன்னதைப் பாதி கேட்டதுமே, டாக்டர்கள் அப்படித்தான் பயமுறுத்துவார்கள், வேறு ஆஸ்பத்திரியிலும் காட்டலாம் என்றார். லைசென்ஸ் புதுப்பிக்க இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. காலையில் பத்திரமாகத்தானே ஓட்டிப் போனாய், இன்றைக்கு ஒரு நாள் பிள்ளைகளைக் கொண்டு விட்டுவிட்டு வா, மற்றதைப் பிறகு பேசலாம் என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பேசும்போதே பின்னால் ஏதோ ஸ்பேனர் கீழே விழும் சத்தம் கேட்டது.

அக்கா சாவியைப் போட்டார். திருப்பவில்லை.

இடது பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். தெரிந்தது. முன் சக்கரத்துக்கு நேராக இருக்கும் தரையைப் பார்த்தார். தெரிந்தது, தரை, கொஞ்சம் மண், நடைபாதை ஓரம். பிறகு அந்தக் கருவியில் செய்தது மாதிரி நேரே ஒரு கம்பத்தையே பார்த்துக்கொண்டு, இடது கையை நீட்டித் தாழ்த்தினார். முழங்கை தெரிந்தது. மணிக்கட்டு தெரிந்தது. விரல்களைக் காணவில்லை. அந்த இடத்தில் இருக்கையின் துணி மட்டும் தெரிந்தது. விரலை ஆட்டினார். துணிதான் தெரிந்தது.

அப்போதுதான் அந்தத் திங்கட்கிழமை ஞாபகத்துக்கு வந்தது. ஒரு மாதத்துக்கு முந்தி. பிள்ளைகளை ஏற்றி இறக்குவதற்கு வேனில் கூட வரும் அம்மாள் ஒருவர் உண்டு. கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் விசிலம்மா என்று பெயர். அன்றைக்குப் பள்ளி வாசலில் எல்லோரும் இறங்கியாகிவிட்டது என்று அக்கா வண்டியை நகர்த்தினார். விசிலம்மா ஊதிய ஊதலில் தெருவே திரும்பிப் பார்த்தது. பிரேக்கை மிதித்துவிட்டு எட்டிப் பார்த்தால், இடது முன் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி ஒரு பையன் குனிந்து தண்ணி பாட்டில் மூடியைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். ஒன்றாம் வகுப்பு. அக்கா அவனைத்தான் திட்டினார். விசிலம்மாவையும் விடவில்லை, "உங்க கண்ணு எங்க போச்சு?" என்று கேட்டார். அந்த அம்மாள் பையனைத் தூக்கிக்கொண்டு போனார். அதற்கு முன்னால் இடது பக்க பம்பரில் இரண்டு உரசல் இருந்தது. யாரோ நிறுத்திய வண்டியில் இடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அக்கா அதற்கும் ஊரைத் திட்டியிருந்தார்.

வேனுக்குள் உட்கார்ந்தபடி அக்கா இடது சக்கரப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அழுகை வரவில்லை. ஒரு சாண், ஒரு சாண் என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. சாவியை உருவி எடுத்துக்கொண்டு இறங்கி, நடைபாதையில் நின்று பள்ளிக்குப் போன் செய்தார். தான் வரமுடியாது, வேறு ஆளை அனுப்புங்கள், வேன் கண் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறது என்றார். நாளைக்கு வருவீர்களா என்று கேட்டார் நிர்வாகி.

"இல்ல சார். எனக்கு இடது பக்கம் கீழ தெரியலை. ரொம்ப நாளாவே தெரியலை போல. எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

மறுநாள் கணவரையும் கூட்டிக்கொண்டு தோல் டாக்டரிடம் போனபோது அக்கா சண்டைக்குத் தயாராகத்தான் போனார். கண்ணைக் கெடுத்த மருந்தை எழுதிக் கொடுத்தவர் அவர்தானே. கணவர் அதற்கு மேல் கொதித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டார். குறுக்கே பேசவில்லை. பிறகு பழைய குறிப்பைத் தேடி எடுத்து மேசைமேல் திருப்பி வைத்தார். கைகளுக்கு மட்டும். ராத்திரி ஒரு வேளை, மெல்லிசாக. இரண்டு வாரம். முகத்தில் வேண்டாம். பிறகு வந்து காட்டவும். இவ்வளவும் எழுதியிருந்தது, தேதியோடு.

கணவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு அக்காவைப் பார்த்தார். அக்காவுக்கு அந்த அறை ஞாபகம் இருந்தது, டாக்டரின் குரல்கூட ஞாபகம் இருந்தது. ராத்திரி ஒரு வேளை என்று சொன்னது மட்டும்தான் மனதில் நின்றிருந்தது. மற்றதெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

டாக்டர் ஜெயித்த முகம் காட்டவில்லை. அந்த மருந்து கெட்ட மருந்தும் இல்லை என்றார். "உள்ளங்கைத் தோல் தார்ப்பாய் மாதிரி. இமைத் தோல் வெங்காயச் சருகு. தார்ப்பாய்க்குக் குடுத்ததைச் சருகுல வச்சா என்ன ஆகும்?" இடத்துக்கு ஒரு பலம், வயசுக்கு ஒரு பலம், அதற்கொரு கெடு நாள், எல்லாம் பார்த்துத்தான் எழுதுகிறோம் என்றார். விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடு பிதுக்கினால், விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும் என்று அக்காவின் விரலிலேயே காட்டினார். அக்கா இமை இரண்டுக்கும் மட்டுமே அவ்வளவு வைத்துக்கொண்டிருந்தார்.

இனிமேல் இமையில் அது கூடாது. நிறுத்தியதும் சில வாரம் இமை பழிவாங்கும், சிவந்து எரியும், அதற்குப் பயந்து திரும்ப அந்த டியூபைத் தொடக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். இமைக்கென்றே ஸ்டீராய்டு இல்லாத வேறு களிம்பு கொடுத்தார். எதனால் அரிக்கிறது என்று பார்க்க முதுகில் சின்னச் சின்னப் பட்டைகளாக ஒட்டி இரண்டு நாள் வைத்திருந்து எடுத்தார்கள். வாசனைப் பொருள் வைத்த இடம் மட்டும் தடித்துச் சிவந்திருந்தது. வண்டியில் ஏதாவது வாசனைக்கு வைத்திருக்கிறீர்களா என்று டாக்டர் கேட்டதும் அக்கா கணவரைப் பார்த்தார். முன் கண்ணாடியில் ஆடிக்கொண்டிருக்கும் அந்த எலுமிச்சை வாசனை அட்டையைப் பிள்ளைகளுக்காக மாதம் தவறாமல் மாற்றுவது அக்காதான். மூன்று வருடமாக முகத்துக்கு நேரே தொங்கவிட்டுக்கொண்டு, அதன் அரிப்புக்கு மருந்தும் தடவிக்கொண்டிருந்திருக்கிறார்.

பட்டையை எடுத்த அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் அக்கா திடீரென்று கணவரின் கையைப் பிடித்தார்.

"என்னங்க, நான் மிளகுக்கும் குடுத்தேனே."

மிளகு என்பது அவர் வேனில் வரும் நான்கு வயதுச் சிறுமி. உருவமும் வாயும் அப்படி, அதனால் அந்தப் பெயர். அவளுக்கு முழங்கை மடிப்பில் எக்ஸிமா. சொறிந்து சொறிந்து சட்டையில் ரத்தக்கறை இருக்கும். அவள் அம்மா ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்ப்பவர், தூக்கம் இல்லாமல் கண் சிவந்து நிற்பார். பாவமாக இருக்கிறதே என்று ஐந்து மாதத்துக்கு முன்னால் அக்கா ஒரு புது டியூபை அந்த அம்மாவின் கையில் திணித்திருந்தார். கை நிறையத் தடவுங்கள், நாலு நாளில் பாருங்கள் என்று சொல்லியும் இருந்தார். நாலாம் நாள் அந்த அம்மா வேன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

இருவரும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நேராக ஸ்டூடியோவுக்குப் போனார்கள். மிளகின் அம்மா கணினியில் யாருடைய கல்யாண முகத்திலோ பருவை அழித்துக்கொண்டிருந்தார். அக்காவின் இமைகள் அதற்குள் வீங்கத் தொடங்கியிருந்தன. அதைப் பார்த்து அந்த அம்மா பதறி நாற்காலி இழுத்துப் போட்டார். அக்கா உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னார். தன் கண், களிம்பு, மூன்று வருடம். அந்த டியூப் முடிந்துவிட்டதா என்று கேட்டார்.

அது முடிந்து, இப்போது நாலாவது டியூப் ஓடுகிறது. அதே மருந்துக்கடை. கையில் நன்றாகிவிட்டதும் கன்னத்தில் வந்த திட்டுக்கும் தடவியிருக்கிறார். முழங்கை மடிப்பில் தோல் காகிதம் மாதிரி ஆகிவிட்டது, லேசாக இடித்தாலும் கன்றிப்போகிறது, விளையாட்டில் அடிபடுகிறாள் என்று நினைத்தேன் என்றார். சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"நீங்க நல்லதுன்னுதானேக்கா குடுத்தீங்க," என்றார். "நானும் நம்பித்தானே தடவுனேன்."

அக்கா கைப்பையைத் திறந்து ஒரு தாளையும் பேனாவையும் எடுத்தார். இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள், நிறுத்தியதும் என் இமை படுகிற பாட்டைப் பாருங்கள், நீங்களாக ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், எப்படிக் குறைப்பது என்று அவர்களே சொல்லட்டும் என்று மட்டும் சொன்னார். தோல் டாக்டரின் முகவரியை எழுதிக் கொடுத்தார். அந்த அம்மா காகிதத்தை வாங்கிக்கொண்டு கணினியை அணைக்காமலே வெளியே போனார். அடுத்த வாரம் மிளகு வேறு வேனுக்கு மாறிவிட்டாள் என்று விசிலம்மா சொன்னார்.

அன்றைக்கு ஸ்டூடியோவிலிருந்து வரும் வழியில் மருந்துக்கடையில் நின்றார்கள். அக்காவைப் பார்த்ததும் கடைக்காரர் பழக்கப்படி டியூபை எடுத்து வைத்தார். அக்கா அதைத் திரும்பத் தள்ளினார். தன் கண்ணைப் பற்றியும் குழந்தையைப் பற்றியும் அங்கே நின்ற நாலு பேர் முன்னிலையில் சொன்னார். கடைக்காரர் முதலில், நீங்கள் கேட்டதைத்தானே கொடுத்தேன் என்றார். பிறகு டியூபை எடுத்து உள்ளே வைத்தார். எத்தனை பேருக்கு இப்படிக் கொடுக்கிறீர்கள் என்று கணவர் கேட்டார். அவர் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார்.

இமை ஆறு வாரம் எரிந்தது. ஈரத்துணியை வைத்துக்கொண்டு கிடந்தார், டியூபைத் தேடவில்லை. கண் அழுத்தம் சொட்டு மருந்தில் மெதுவாக இறங்கிப் பதினேழில் நின்றது. கறுப்புத் திட்டு அதே அளவில் இருந்தது, வளரவில்லை. படியிறங்கும்போது தலையைக் குனிந்து பார்த்து இறங்கப் பழகிக்கொண்டார். ஆரம்பத்தில் இரண்டு முறை விழுந்தார்.

வேலை போய்விடும் என்றுதான் நினைத்திருந்தார். நிர்வாகி யோசித்துவிட்டு, வாசலில் ஒரு வேலை கொடுத்தார். எந்த வேனும் அக்கா ஒரு சுற்றுச் சுற்றி வந்து, குனிந்து நாலு சக்கரத்தையும் பார்த்து, கையைத் தூக்கினால்தான் நகர வேண்டும். இதனால் எல்லா வேனும் தாமதமாகிறது என்று ஓட்டுநர்கள் முணுமுணுத்தார்கள். அக்கா காதில் வாங்கவில்லை. தலையை இப்படியும் அப்படியும் முழுசாகத் திருப்பித் திருப்பி அவர் நடப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார். முதல் நாளே விசிலம்மாவிடம் போய், அன்றைக்கு உங்களைத் திட்டியிருக்கக் கூடாது என்றார். அந்த அம்மாள், "நான் மறந்தே போயிட்டேன்மா" என்றார். மறக்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

அடுத்த பருவம் தொடங்கிய முதல் நாள் மிளகின் அம்மா குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். நாலு மாதத்தில் அன்றுதான் நேருக்கு நேர் பார்த்தார்கள். மிளகு சட்டைக் கையைத் தூக்கி முழங்கையைக் காட்டி, டாக்டர் தினமும் குளித்ததும் க்ரீம் போடச் சொன்னார், நானே போட்டுக்கொள்வேன் என்று மூச்சுவிடாமல் பேசினாள். மடிப்பில் தோல் இன்னும் கொஞ்சம் வெளிறித்தான் இருந்தது. தொட்டுப் பார்க்க நீண்ட கையை அக்கா பாதியிலேயே இழுத்துக்கொண்டார்.

அந்த அம்மா பள்ளிப் பையை அக்காவிடம் நீட்டினார்.

"க்ரீம் உள்ள இருக்கு. மதியம் டீச்சர் தடவிவிடுவாங்க. நீங்க எதுவும் தடவாதீங்க."

"சரிம்மா," என்று அக்கா பையை வாங்கிக்கொண்டார்.